நூறு ஏக்கர்க் கோடு



சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ் பக்கம் பேருந்தில் போய் வந்த பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் சாலையின் இருமருங்கிலும் ரப்பர் மரம்தான் என்பார்கள். ஆனாலும் எது எஸ்டேட், எது கம்பத்துக்காரரின் தோட்டம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்களாம். வரிசை பிடித்து நிற்கும் மரம், செம்மண் சாலை, தூரத்தில் புகைக்கூண்டு, லயத்து வீடுகள் என்றிருந்தால் அது எஸ்டேட். மரங்கள் நெருக்கியடித்து, கீழே புல்லும் புதருமாக, நடுவில் ஓர் அத்தாப்பு வீடு தெரிந்தால் அது சின்னத் தோட்டம். நாம் இப்படிக் கண்ணால் அளந்தோம். அரசாங்கமோ எண்ணால் அளந்தது.

அந்த எண் நூறு. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள ரப்பர் நிலம் எஸ்டேட். அதற்குக் குறைந்தது சிறு தோட்டம். சிறு தோட்டத்திலும் 25 ஏக்கருக்குக் கீழ்ப்பட்டது உண்மையான சிறியது என்றும், 25 முதல் 100 ஏக்கருக்கு உட்பட்டது நடுத்தரம் என்றும் புள்ளிவிவரக்காரர்கள் பிரித்துக் கொண்டார்கள். 'சிறு தொழில், நடுத்தரத் தொழில்' என்று இந்நாளில் செய்தித்தாளிலும் வானொலியிலும் அடிக்கடி கேட்கிறோமே, அதற்கு வெகு காலம் முன்பே நம் வாசலில் இப்படி ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஒரு சட்டம், ஒரு சலுகை. இந்தப் பக்கம் இருப்பவனுக்கு வேறு சட்டம், வேறு சலுகை. நாம், அதாவது மரத்தில் கத்தி வைத்த குடும்பங்கள், எந்தப் பக்கம் இருந்தோம்? இன்று அதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

நெகிரி செம்பிலானில் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891ஆம் ஆண்டிலேயே இரயில் பாதை போட்டுவிட்டார்கள். ஈயத்துக்காகப் போட்ட பாதை பிறகு ரப்பருக்கும் உதவியது. 1910ஆம் ஆண்டு வாக்கில் ரப்பர் விலை எக்கச்சக்கமாக ஏறியபோது, இலண்டன் கம்பெனிகள் காடு வெட்டித் தோட்டம் போட்டன. லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், லாபு என்று நம் தாத்தா பாட்டி வாயில் புழங்கிய பெயர்கள் எல்லாம் அந்த வரிசையில் வருபவை. கம்பெனிக்காரன் நட்டதைப் பார்த்துக் கம்பத்து மலாய்க்காரரும் நட்டார். பலசரக்குக் கடை வைத்திருந்த சீனர் நட்டார். வட்டிக்குக் கொடுத்த செட்டியாருக்கு அடகு நிலம் வந்து சேர, அவரும் தோட்டக்காரர் ஆனார். நடுத்தரம் என்ற வகையில் அடங்கிய தோட்டங்களில் சீனருக்கும் செட்டியாருக்கும் நல்ல பங்கு இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறு தோட்டக்காரர் கையில் இருந்தது. இது சின்னப் பங்கு அல்ல.

அந்தக் கோடு முதன் முதலில் வயிற்றில் அடித்தது 1922ஆம் ஆண்டில்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு ரப்பர் விலை விழுந்தது. இலண்டனில் சர் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் என்பவர் தலைமையில் ஒரு குழு கூடி, மலாயாவும் இலங்கையும் ஏற்றுமதியைக் குறைத்தால் விலை ஏறும் என்று முடிவு செய்தது. 1922 நவம்பர் முதல் தேதி கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் 'இயல்பான விளைச்சல் இவ்வளவு' என்று ஓர் அளவு. தொடக்கத்தில் அதில் 60 விழுக்காட்டைத்தான் குறைந்த தீர்வையில் ஏற்றுமதி செய்யலாம். கேட்பதற்கு எல்லாருக்கும் பொதுவான நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'இயல்பான விளைச்சல்' என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? 1919 நவம்பர் முதல் 1920 அக்டோபர் வரையிலான ஓராண்டில் எவ்வளவு பால் எடுத்தாய் என்று கணக்குக் காட்ட வேண்டும்.

எஸ்டேட்டில் கணக்குக்குப் பஞ்சமா? ஆபீசில் கிராணிமார் இருந்தார்கள். அவர்களில் பலர் யாழ்ப்பாணத்தவரும் மலையாளிகளும். எந்த ஆள் எந்த நாளில் எத்தனை இராத்தல் கொண்டுவந்தான் என்று ஏடு ஏடாக எழுதி வைத்திருந்தார்கள். ஏட்டைக் காட்டினார்கள், அளவு கிடைத்தது. கம்பத்துக்காரர் என்ன ஏட்டைக் காட்டுவார்? காலையில் வெட்டி, மத்தியானம் உறைய வைத்து, கைமெஷினில் தட்டி, வாரக் கடைசியில் சைக்கிளில் கட்டிக் கொண்டு போய்க் கடையில் போட்டுவிட்டு அரிசி வாங்கி வருகிறவர் அவர். அவருக்கு அதிகாரிகள் மரத்தின் வயதையும் நிலத்தின் பரப்பையும் வைத்து உத்தேசமாக ஓர் அளவு போட்டார்கள். அந்த உத்தேசம் பெரும்பாலும் குறைவாகவே விழுந்தது. ஏற்றுமதிக்கு உரிமை தரும் கூப்பன் குறைவாக வந்தது. விளைந்த பால் அதிகமாக இருந்தது. கூப்பன் இல்லாத பாலைக் கடைக்காரர் அடிமாட்டு விலைக்குத்தான் எடுப்பார். ஆள் சிறியவர், நிலமும் சிறியது; அதற்கு மேல் அவருடைய விளைச்சலையும் சிறிதாக்கிக் காட்டியது அந்த ஏற்பாடு.

பக்கத்திலிருந்த டச்சுக்காரரின் இந்தோனேசியத் தீவுகள் இந்தத் திட்டத்தில் சேரவில்லை. அங்கே குடியானவர்கள் தாராளமாக நட்டார்கள், வெட்டினார்கள், விற்றார்கள். மலாயா கட்டிப் போட்டுக் கொண்ட கைகளைப் பார்த்து அவர்கள் சிரித்திருக்கவும் கூடும். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 1934இல் டச்சுக்காரரையும் சேர்த்துக் கொண்டு அனைத்துலக ஒப்பந்தமாக அது திரும்பி வந்தது. அதிலும் சிறு தோட்டக்காரரின் அளவு குறைத்தே மதிப்பிடப்பட்டது என்பதை, 1946இல் மலாயாவுக்கு நேரில் வந்து கம்பம் கம்பமாகப் பார்த்த பொருளியலாளர் பீட்டர் பாவர் விரிவாக எழுதினார். அந்த இடைக்காலத்தில் நமக்கு நடந்தது வேறு கதை. 1930க்குப் பிறகு வந்த மந்தத்தில் எஸ்டேட்டுகள் ஆட்களைக் குறைத்தன. பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிறு தோட்டக்காரருக்குக் கூப்பன் குறைந்தது என்றால், கூலி ஆளுக்கு வேலையே போயிற்று.

போர் முடிந்தது. ஜப்பானியர் காலத்தில் பராமரிப்பில்லாமல் கிடந்த மரங்கள் கிழடு தட்டிவிட்டன. அதே சமயம் செயற்கை ரப்பர் அமெரிக்காவில் பெருகி வந்தது. அதனோடு போட்டி போட வேண்டுமானால் பழைய மரத்தை வெட்டிவிட்டு ஒட்டு மரம் வைத்தாக வேண்டும். பழைய விதை மரம் ஏக்கருக்கு ஆண்டில் நானூறு, ஐந்நூறு இராத்தல் தந்தால், நல்ல ஒட்டு மரம் ஆயிரத்துக்கு மேல் தரும். ஆனால் நட்ட கன்று பால் தர ஆறு, ஏழு ஆண்டுகள் ஆகும். ஆயிரம் ஏக்கர் வைத்திருக்கும் கம்பெனி ஆண்டுக்குக் கொஞ்சமாக வெட்டி நட்டுச் சமாளிக்கும். மூன்று ஏக்கர்க்காரர் முழுவதையும் வெட்டிவிட்டால் ஏழு ஆண்டுகள் எதைச் சாப்பிடுவார்?

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1952ஆம் ஆண்டின் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ஒவ்வோர் இராத்தலுக்கும் நாலரைக் காசு தீர்வையாகப் பிடித்தார்கள். எஸ்டேட்டுக்கு ஒரு கணக்கு, சிறு தோட்டக்காரருக்கு ஒரு கணக்கு என்று நிதியை இரண்டாகப் பிரித்தார்கள். எங்கே பிரித்தார்கள்? அதே நூறு ஏக்கரில்தான். இம்முறை கோட்டின் கீழே இருப்பது ஆதாயமாக அமைந்தது. சிறு தோட்டக்காரருக்கு ஏக்கருக்கு 400 வெள்ளியில் தொடங்கிய மானியம் பிற்பாடு 750 வெள்ளி வரை உயர்ந்தது. பணத்தை ஒரே தடவையில் கொடுத்துவிடவில்லை. மரம் வெட்டியாயிற்றா, கன்று நட்டாயிற்றா, களை எடுத்தாயிற்றா என்று அதிகாரி வந்து பார்க்கப் பார்க்கத் தவணை தவணையாகக் கொடுத்தார்கள். எங்களைக் கேட்டால், நல்ல ஏற்பாடு என்றே சொல்வோம். அரசாங்கம் சிறியவர் பக்கம் உண்மையாகச் சாய்ந்த இடங்களில் இதுவும் ஒன்று. இன்று மலேசியாவின் ரப்பரில் மிகப் பெரும்பகுதி சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது என்றால், அதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் நேயர்களே, அந்த நாலரைக் காசு எந்தப் பாலிலிருந்து பிடிக்கப்பட்டது? விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, நெற்றி விளக்கைக் கட்டிக் கொண்டு நம் தாயும் தந்தையும் வெட்டிய பாலும் அதில் சேர்த்திதான். நிதியின் ஒரு கணக்கு கம்பெனிக்குப் போயிற்று, மறு கணக்கு நிலம் வைத்திருந்தவருக்குப் போயிற்று. வெட்டியவருக்கு மூன்றாவது கணக்கு என்று ஒன்று இல்லை. எஸ்டேட் மறுநடவு செய்தபோது அவருக்குக் கிடைத்தது ஒட்டு மரத்தில் வெட்டும் வேலை. பின்னாளில் ரப்பருக்குப் பதில் செம்பனை நட்டபோது, அதே நிலத்துக்கு முன்னைவிடக் குறைந்த ஆட்களே தேவைப்பட்டார்கள்.

இதற்கிடையில் அந்தக் கோடு கத்தியாக மாறிய ஒரு காலம் உண்டு. நம்மவர் அதைத் 'தோட்டத் துண்டாடல்' என்று சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே இன்றும் சில வீடுகளில் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

நாடு சுதந்திரம் அடைவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில, வந்த விலைக்குத் தோட்டத்தை விற்றுவிட்டு ஊர் போய்ச் சேர நினைத்தன. ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்க எல்லாராலும் முடியாது. ஆனால் ஒரு கூட்டாளிக் குழு அதை வாங்கி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர், இருபது ஏக்கர் என்று கீறிப் போட்டால் வாங்குவதற்குப் பட்டணத்தில் ஆள் இருந்தார்கள். ஏக்கருக்கு நல்ல இலாபமும் கிடைத்தது. நேற்று வரை எஸ்டேட்டாக இருந்த நிலம், பத்திரம் எழுதி முடிந்த மறுநாள் கணக்கில் சிறு தோட்டங்களாகிவிடும். மரம் அதே மரம், பால் அதே பால். மாறியதெல்லாம் சட்டத்தின் பார்வையில் அதற்குள்ள பெயர் மட்டும்.

பெயர் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். எஸ்டேட் என்றால் முதலாளி வீடு தர வேண்டும், தண்ணீர் தர வேண்டும், மருந்தகம் நடத்த வேண்டும், பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ள ஆயாக் கொட்டகை வேண்டும். தொழிற்சங்கத்தோடு பேசிய சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். ஐந்து ஏக்கர் வாங்கிய பட்டணத்துக் கடைக்காரர் மேல் இந்தப் பொறுப்புகள் எப்படி உட்காரும்? அவர் ஒரு காண்டிராக்டரைப் பிடிப்பார். காண்டிராக்டர் கூலியைக் குறைப்பார். லயம் யாருடைய துண்டில் விழுந்ததோ அவர் 'வீட்டைக் காலி செய்' என்பார். கோயில் ஒருவர் நிலத்தில், பள்ளிக்கூடம் இன்னொருவர் நிலத்தில், சுடுகாடு மூன்றாமவர் நிலத்தில் என்று ஒரு தோட்டத்துச் சனங்களின் வாழ்க்கை முழுவதும் பங்கு போடப்பட்டது. இந்தப் பொறுப்புச் சட்டங்களும் ஒரு பரப்பளவை வைத்துத்தான் எஸ்டேட்டை அடையாளம் காண்கின்றன. தொழிலாளர் வீடமைப்பு பற்றி 1990இல் வந்த சட்டம் 20 ஹெக்டரும் அதற்கு மேலும் உள்ள விவசாய நிலத்தையே எஸ்டேட் என்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஏக்கர். அதற்குக் கீழே வேலை செய்கிறவருக்கு மட்டும் மழை நனைக்காதா என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து உங்கு அசீஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் எழுதிய அறிக்கை 1962இல் வெளிவந்தது. வேலையும் வீடும் போனவர்களின் நிலைமை அதில் பதிவாகியிருக்கிறது. அதற்கு முன்பே, 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். பங்கு ஒன்று நூறு வெள்ளி; மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், திடல்களில் நின்று, 'துண்டாடப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம்' என்ற கருத்தை விளக்கினார். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம்தான் சங்கம் முதலில் வாங்கியது. பெரட்டில் பேர் கொடுக்கும் ஆளே தோட்டத்தில் பங்குதாரர்! நூறு ஏக்கர்க் கோட்டின் மேல் பக்கத்துக்கு நம்மவர் ஏறியது அந்த ஒரு வாசல் வழியாகத்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஏக்கர் கணக்கே இல்லாதவர்கள், சேர்ந்து எஸ்டேட் உடைமையாளர் ஆனார்கள். சங்கத்தில் சேராமல் நின்றவர்களும் நிறையப் பேர். கூலி அவ்வளவு குறைவாக இருந்த காலத்தில் மாதம் பத்து வெள்ளி என்பது ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்கைத் தொடக்கூடிய தொகை. அதை மறந்துவிட்டு அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை.

அரசாங்கமும் பிறகு விழித்துக் கொண்டது. 1972இல் தேசிய நிலச் சட்டத்தில் 214அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் இசைவில்லாமல் கைமாற்ற இயலாது என்று வந்தது. 40 ஹெக்டர் என்பது என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே நூறு ஏக்கர்தான். 1973 ஜனவரியில் சிறு தோட்டக்காரருக்கென்று ரிஸ்டா என்னும் வாரியம் அமைந்து, மறுநடவு மானியத்தையும் ஆலோசனையையும் தன் பொறுப்பில் எடுத்துக் கொண்டது. அதன் வாடிக்கையாளர் யார்? கோட்டுக்குக் கீழே நிலம் வைத்திருப்பவர். நிலமில்லாமல் பிறர் நிலத்தில் வெட்டும் எஸ்டேட் ஆள் அதன் படிக்கட்டிலேயே ஏற முடியாது.

சரி, நிலம்தான் இல்லை. தொழில் செய்யலாமே என்று நினைத்தவர்கள் இல்லாமலா இருந்தார்கள்? எந்தத் தோட்டத்தை எடுத்தாலும் வெட்டு முடிந்த பின் இரண்டாவது வேலை பார்த்த வீடுகள் இருந்தன. மாடு கறந்து பால் ஊற்றியவர், ஆடு வளர்த்தவர், தையல் மெஷின் வைத்திருந்தவர், சம்பளத்தன்று கள்ளுக்கடை ஓரம் வடையும் கடலையும் விற்றவர், திருவிழாவுக்குப் பூ கட்டியவர், ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டியவர் என்று எத்தனையோ பேர். இந்தத் தொழில்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 1922இல் கம்பத்துக்காரருக்குக் கணக்கு இல்லாதது எவ்வளவு பாதகமாக இருந்ததோ, அதே பாதகம் ஐம்பது ஆண்டு கழித்து நம் வாசலுக்கு வந்து நின்றது.

அந்த ஆண்டுகளில் சிறு வணிகத்துக்கு உதவி இல்லாமல் இல்லை. கிராமப்புறத் தொழிலுக்காக 1950களின் தொடக்கத்திலிருந்தே ஓர் அமைப்பு வேலை செய்தது. அதுவே 1966இல் மாரா ஆயிற்று. அது பூமிபுத்திரர்களுக்கானது. பிணை வைக்க வகையில்லாத சிறு வணிகருக்கு வங்கிக் கடன் கிடைக்க உத்தரவாதம் தரும் நிறுவனம் 1972இல் தோன்றியது. உற்பத்தித் தொழிலுக்கு உரிமம் கேட்ட 1975ஆம் ஆண்டுச் சட்டம், சின்னப் பட்டறைகளை அந்த உரிமத்திலிருந்து விலக்கி வைத்தது. அந்த விலக்கின் எல்லை படிப்படியாக உயர்ந்து, 1986இல் 25 இலட்சம் வெள்ளி பங்குதாரர் நிதி அல்லது 75 முழுநேர ஊழியர் என்ற அளவை எட்டியது. இவையெல்லாம் பட்டணத்துப் பட்டறைகளின் கணக்கு. தோட்டத்தில் இதைப்பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

எங்கள் லயத்தில் மாடு வைத்திருந்த ஓர் அம்மாளின் ஞாபகம் வருகிறது. நாங்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள். ஆறு மாடு. காலையில் வெட்டுக்குப் போகுமுன் கறந்து, பாட்டில்களில் ஊற்றி வைத்துவிடுவார். மூத்த மகன் சைக்கிளில் கொண்டுபோய்ப் பட்டணத்துக் காப்பிக் கடைகளுக்குப் போடுவான். இன்னும் இரண்டு நல்ல கறவை மாடு வாங்கக் கடன் கேட்கலாம் என்று யாரோ சொல்ல, மகனைக் கூட்டிக் கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனார்.

"நிலத்துக்குக் கிராண்டு இருக்காம்மா?" என்று கேட்டாராம் மேசையில் இருந்தவர்.

"தோட்டத்து நிலம்ங்கய்யா. கம்பெனியோடது."

"வியாபாரப் பதிவு?"

"பாலுதாங்கய்யா ஊத்துறோம். பதிவெல்லாம் கிடையாதுங்க."

"அடையாளக் கார்டைக் காட்டுங்க."

அவரிடம் இருந்தது சிவப்புக் கார்டு. நாற்பது ஆண்டு இந்த மண்ணில் வெட்டியவர். குடியுரிமை எடுக்கும் காலத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் விட்டுவிட்டார். வேலை அனுமதிச் சட்டம் 1968இல் வந்து, சிவப்புக் கார்டுக்காரர் பல்லாயிரம் பேர் ஊருக்குக் கப்பலேறியபோது, எப்படியோ தப்பித்து நின்றவர் அவர். மகனுக்கு நீலக் கார்டு உண்டு. ஆனால் வயது பதினைந்துதான். மேசையில் இருந்தவர் கோபிக்கவில்லை, விரட்டவும் இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். மகன் பெரியவனாகும்வரை காத்திருக்கலாம் என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதற்குள் தோட்டத்தில் செம்பனை நட ஆரம்பித்து, கன்றை மேயும் என்று மாடுகளைக் கட்டுப்படுத்தினார்கள். இரண்டை முதலில் விற்றார். மற்றவையும் பின்னால் போயின.

இப்போது காலம் வேறு. சிறு, நடுத்தரத் தொழிலுக்கென்று தனி வாரியம் 1996இல் அமைந்தது. 2009இல் அது எஸ்எம்இ கார்ப் எனப் பெயர் மாறியது. யார் சிறியவர் என்பதற்கு ஒவ்வோர் இலாகாவும் ஒவ்வோர் அளவு வைத்திருந்த குழப்பம் நீங்கி, 2005இல் எல்லாருக்கும் பொதுவான இலக்கணம் வந்தது. 2014 ஜனவரி முதல் அதன் எண்கள் திருத்தப்பட்டன. அதன்படி உற்பத்தித் துறையில் ஆண்டு விற்பனை 5 கோடி வெள்ளிக்கு மேற்படாததும், அல்லது ஊழியர் 200 பேருக்கு மேற்படாததும் சிறு, நடுத்தரத் தொழில். சேவை, விவசாயம் முதலிய மற்றத் துறைகளில் அந்த எல்லை 2 கோடி வெள்ளி அல்லது 75 ஊழியர்.

கோடிகளைக் கேட்டு மலைத்துப் போக வேண்டாம். நமக்கு வேண்டியது அடியில் இருக்கும் வரி. ஆண்டு விற்பனை 3 இலட்சம் வெள்ளிக்குக் குறைவு, அல்லது முழுநேர ஊழியர் ஐந்து பேருக்குக் குறைவு என்றால் அது 'குறுந்தொழில்'. எந்தத் துறையானாலும் இதே அளவு. விற்பனை ஒரு வகையிலும் ஆள் எண்ணிக்கை இன்னொரு வகையிலும் விழுந்தால், கீழான வகையே கணக்கில் எடுக்கப்படும். பசார் மாலாமில் வடைக் கடை போடுகிறவர், வீட்டில் முறுக்கு சுற்றிக் கடைகளுக்குப் போடுகிறவர், பழைய தோட்டத்துக் கோயில் வாசலில் மாலை விற்கிறவர் எல்லாரும் இதற்குள் வருகிறார்கள். இது ஏதோ ஓரத்தில் கிடக்கும் வகையும் அல்ல. 2016ஆம் ஆண்டின் பொருளாதாரக் கணக்கெடுப்பில் நாட்டின் தொழில் நிலையங்களில் 98.5 விழுக்காடு சிறு, நடுத்தர வகையைச் சேர்ந்தவை, மொத்தம் 9,07,065. அவற்றிலும் 76.5 விழுக்காடு குறுந்தொழில்.

அந்த இலக்கணத்தில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறது. ஊழியர் என்றால் சம்பளம் வாங்குகிறவர், மாதம் 120 மணி நேரமாவது வேலை செய்கிறவர். முதலாளியையும், சம்பளமில்லாமல் உதவும் வீட்டாரையும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஆகவே மாவரைக்கும் மாமியார், சுட்டெடுக்கும் மருமகள், பள்ளி விட்டு வந்து பொட்டலம் கட்டும் பிள்ளைகள் என நாலு பேர் உழைத்தாலும் ஊழியர் எண்ணிக்கை பூஜ்யம். வகைப்படுத்துவதற்கு இது நமக்குச் சாதகம்தான். என்றாலும் அதைப் படித்தபோது, பழைய செக்ரோல் ஏட்டில் பேர் ஏறாமல் தாயோடு கொட்டான் பொறுக்கவும் ஒட்டுப்பால் சேர்க்கவும் போன சின்னப் பிள்ளைகளின் ஞாபகம் எங்களுக்கு வராமல் இல்லை.

உதவித் திட்டங்களைப் பொறுத்தவரை, 1998இல் தொடங்கிய டெக்குன் வழி இந்தியச் சமூகத்தினருக்கென்று ஸ்புமி எனும் கடனுதவி இருக்கிறது. ஏழைப் பெண்களுக்கு ஈடு கேட்காமல் கடன் கொடுக்கும் அமானா இக்தியார், வங்காள தேசத்தின் கிராமிய வங்கி முறையைப் பார்த்து 1987இல் அமைந்தது. 2024இல் அது இந்தியப் பெண்களுக்கென்று 5 கோடி வெள்ளியில் பெண் என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பல இடங்களில் கேட்கப்படுவது வணிகப் பதிவு. 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. கடை போடும் இடத்துக்கு நகராண்மைக் கழகத்தின் உரிமம் தனி. சிரம்பானும் நீலாயும் 2020 முதல் ஒரே மாநகர மன்றத்தின் கீழ் இருக்கின்றன.

படிவத்தை வாங்கிப் பார்த்தவர்கள் கவனித்திருப்பீர்கள். பெயர், அடையாளக் கார்டு எண், தொழிலின் தன்மை எல்லாம் எழுதிவிடலாம். தொழில் நடக்கும் இடத்தின் முகவரி என்ற கட்டத்துக்கு வரும்போதுதான், இன்னும் தோட்டத்து வீட்டில் இருக்கிறவரின் பேனா கொஞ்சம் நிற்கிறது. வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். நகரை ஒட்டிய தோட்டங்களில், சிரம்பான், சென்டாயான், நீலாய் பக்கம், வீடமைப்புத் திட்டங்கள் எழும்பி லயங்களே மறைந்துவிட்டன. பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனவர் அங்கே உள்ள எண்ணை எழுதுகிறார். தோட்டத்தில் இருப்பவர் லயத்து எண்ணை எழுதிவிட்டு, இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் இருப்போம் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்.